எழுத்து தமிழருடையது, பொருள் எவருடையது?

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். அகரத்தை அஃது ஓர் எண்ணாகவே அறிகிறது. ழகரத்தை மற்றோர் எண்ணாக அறிகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுமைக்கும் ஒன்றாக வரையறுத்து வைத்த ஏற்பாடே ஒருங்குறி. இதனை வரையறுப்பது கலிபோர்னியாவில் 1991 சனவரியில் பதிவுசெய்யப்பட்ட ஒரு கழகம். ஆப்பிள், செராக்சு முதலிய குழுமங்களின் பொறியாளர் கூடித் தொடங்கியது அது. இன்றும் அதன் தொழில்நுட்பக் குழுவில் ஒப்போலை இடும் உரிமை, ஆண்டுக் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்க்கே உண்டு. கட்டணத்தின் அளவுக்கேற்ப ஒப்போலையின் எடையும் ஏறும், இறங்கும்.

தமிழ்ப் பற்றாளர் பலர் இவ்வேற்பாட்டை மழையும் வெயிலும்போல் தானே வந்த ஒன்றாகக் கருதி வாளா இருக்கின்றனர். தானே வந்தது அன்று. அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் எவரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொடுத்து, வழக்காடி, உள்ளே ஏற்றியிருக்கிறார். அவர்க்கு எவரோ சோறு போட்டிருக்கிறார். அல்லது அவர் தம் சோற்றைத் தாமே தேடிக்கொண்டு இரவில் கண்விழித்து அப்பணியைச் செய்திருக்கிறார். சோறு போட்டவர் யார் என்று கேட்டால், எந்த எழுத்து முன்னே சென்றது, எது பின்னே நின்றது, எது இன்னும் வாயிலிலேயே காத்துக்கிடக்கிறது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஓர் எழுத்தை ஒருங்குறியில் ஏற்றுவதற்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நலம். மேடையில் முழங்கும் தீர்மானம் அதற்குப் பயன்படாது. முன்மொழிவு ஒன்றை எழுதவேண்டும். அவ்வெழுத்து வழக்கிலிருந்தது என்பதற்குக் கல்வெட்டு, செப்பேடு, ஓலை, அச்சுநூல் ஆகியவற்றின் படங்களைச் சான்றாக இணைக்கவேண்டும். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு வடிவங்கள் ஒரே எழுத்தின் வேறுபாடா, இரண்டு எழுத்தா என்று நிறுவவேண்டும். அகரவரிசையில் அதன் இடம் எது, பிற எழுத்தோடு சேருங்கால் எவ்வாறு திரியும், எண்ணா எழுத்தா குறியா என்றெல்லாம் வரையறுத்துச் சொல்லவேண்டும். பட்டியலில் அச்சிட எழுத்துரு ஒன்றையும் செய்தளிக்கவேண்டும். அதன்பின் வல்லுநர் குழுவின் வினாக்கள் வரும். அவற்றுக்கு விடையெழுதி மீண்டும் அனுப்பவேண்டும். பன்னாட்டுச் செந்தர அமைப்பின் குழுவிலும் அது தேறவேண்டும். இரண்டாண்டில் முடிவதும் உண்டு. பத்தாண்டு இழுப்பதும் உண்டு. இத்தனைக்கும் நடுவே தேவைப்படுவது அறிவு மட்டுமன்று, நேரம். நேரத்தை விலைக்கு வாங்கித் தருவதே நல்கை.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தவர்கள் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார். அதன் மொழியியல் துறையில் 2002ஆம் ஆண்டில் எழுத்துக் குறியேற்ற முனைவகம் ஒன்று தொடங்கப்பட்டது. தெபோரா ஆண்டர்சன் என்னும் அம்மையார் அதனை நெடுங்காலம் நடத்தினார். அமெரிக்க நாட்டின் மாந்தவியல் நல்கையகம் அதற்குத் தொடர்ந்து பொருளுதவியது. கூகுள் போன்ற குழுமங்களும் உதவின. அப்பொருளைக்கொண்டு அம்முனைவகம் மாளிகை எழுப்பவில்லை. மாநாடு கூட்டி மலர் வெளியிடவில்லை. எழுத்தறிந்த ஆய்வாளரைத் தேடிப்பிடித்து, 'இந்த எழுத்துமுறைக்கு முன்மொழிவு எழுதுக. எழுதி முடிக்கும்வரை உமக்குப் படி அளக்கிறோம்' என்றது. விளைவு, நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகள் ஒருங்குறியில் இடம்பெற்றன. பீகாரத்துக் கைத்தி 2009இல் ஏறியது. காசுமீரத்துச் சாரதை 2012இல் ஏறியது. மராட்டியத்து மோடி 2014இல் ஏறியது. இவற்றுள் எதற்கும் தமிழுக்குள்ளதுபோல் தனி நாட்டரசு கொடி பிடிக்கவில்லை. ஓர் ஆய்வாளரும், அவர்க்கு ஒரு நல்கையும் இருந்தன, அவ்வளவே.

கழகமே 2015ஆம் ஆண்டின் இறுதியில் மற்றொரு வழியையும் கண்டது. விரும்பியோர் ஓர் எழுத்தையோ, கைப்பேசியில் சிறுவர் அனுப்பி மகிழும் முகப்படத்தையோ தத்தெடுத்துக்கொள்ளலாம். அதற்கு 100 தாலர், 1000 தாலர், 5000 தாலர் என மூன்று படிநிலை. அவ்வாறு சேரும் பொருள் எண்மயமாகாத எழுத்துகளின் பணிக்குச் செல்லும். சிரிக்கும் முகத்தை விற்று எகிப்தின் பட எழுத்துக்குப் பொருள் தேடுகிறார்கள் என்று நகைப்பவர் நகைக்கலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு வெளியீட்டில் மேலும் 3,995 எகிப்தியப் பட எழுத்துகள் ஏறிவிட்டன. அவ்வெழுத்தை எழுதிய மக்கள் மறைந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன!

இனி, தமிழ்ப்பக்கம் திரும்பினால் நெஞ்சம் வருந்தும் செய்தி ஒன்று உண்டு. ஆரிய மறைகளை ஓதுங்கால் எடுத்தல், படுத்தல் முதலிய ஓசை வேறுபாடுகளைக் காட்ட எழுதப்படும் குறிகள் பலவகைப்படும். அவற்றை ஒருங்குறியில் ஏற்றுவதற்கான முன்மொழிவை, அமெரிக்காவில் நல்கை பெற்று நடந்த சமற்கிருத எண்ணிம நூலகத் திட்டத்தைச் சேர்ந்த அறிஞரும் பிறரும் 2007இல் அளித்தனர். 2009 வெளியீட்டில் அக்குறிகளுக்குத் தனித்தொகுதியே கிடைத்தது. இரண்டே ஆண்டுகள்! தமிழருக்கு முந்திரி, காணி, மா, மாகாணி எனக் கீழ்வாய் இலக்கங்கள் உண்டு. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றைப் பாடிப் படித்தார்கள். ஊர்க்கணக்கர் நிலவரியை இவற்றாலேயே எழுதினார்கள். கோயிற் கல்வெட்டுகளில் நிலத்தின் அளவும் நெல்லின் அளவும் இவற்றாலேயே பொறிக்கப்பட்டன. இவ்விலக்கங்களும், நெல், நிலம், நாணயம் ஆகியவற்றுக்குரிய குறிகளுமாக 51 வடிவங்கள் ஒருங்குறியில் ஏறிய ஆண்டு 2019. முன்மொழிவு 2012ஆம் ஆண்டளவிலேயே வைக்கப்பட்டது. ஏழாண்டுகள் வினாவும் விடையும் ஐயமும் மறுப்புமாகக் கழிந்தன. எந்த வடிவம் முறையானது என்று அறுதியிட்டுச் சொல்ல முழுநேரம் உட்கார்ந்து சுவடி பார்ப்பவர் ஒருவர்க்குப் படியளந்த நிறுவனம் தமிழகத்தில் இருந்திருக்குமாயின், அவ்வேழாண்டு இரண்டாண்டாகச் சுருங்கியிருக்கும்.

சமற்கிருதக் குறிகளை ஏற்றியவர் மீது குறை சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று. தம் மொழிக்கு வேண்டியதை அவர்கள் முறையாகச் செய்தார்கள். தமிழர் செய்யாமற் போனதற்கு அவர்கள் என்செய்வர்?

ஆனால் எவர் பொருள் கொடுக்கிறாரோ அவர் நோக்கமே எழுத்தின் அமைப்பிலும் படியும் என்பதற்குத் தமிழே சான்று. ஒருங்குறியில் தமிழ்க்குரிய 128 இடங்களும் எப்படி அமைந்தன? நடுவணரசின் மின்னணுத்துறைப் பொருளால், முதலில் கான்பூரிலும் பின்னர்ப் புனேயிலும் நடந்த பணியின் விளைவாக, இசுகி என்னும் குறியேற்றம் உருவாயிற்று. 1988இல் ஒரு வடிவமும், 1991இல் இந்தியச் செந்தரமாக ஒரு வடிவமும் வந்தன. பொருள் கொடுத்த நடுவணரசின் தேவை என்ன? இந்தியாவின் எழுத்துகள் யாவற்றையும் ஒரே அச்சில் வார்த்து, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் பொறியே மாற்றிக் காட்டவேண்டும் என்பது. அத்தேவைக்கு அவ்வமைப்பு ஏற்றதே. தேவநாகரியின் கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு மொழியும் தன்னிடமுள்ளதை அக்கட்டத்தில் இட்டு, இல்லாததை வெற்றிடமாக விடவேண்டும் என்றாயிற்று. ஒருங்குறியார் 1988ஆம் ஆண்டின் அவ்வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டனர். தமிழ்ப் புலவர் ஒருவரை அழைத்து, 'ஐயா, உம் மொழியில் எழுத்து எத்தனை? அவற்றின் முறை என்ன?' என்று கேட்கும் நிலையே எழவில்லை. தொல்காப்பியத்தின் முதல் இயலையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

விளைவு யாதெனில், தமிழ் நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் றகர னகரங்கள் இடையில் செருகப்பட்டன. நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். லகரத்துக்குப்பின் ளகரம், அதன்பின் ழகரம், அதன்பின் வகரம்! முதல் வகுப்புப் பிள்ளை இவ்வாறு ஒப்பித்தால் ஆசிரியர் எழுந்து நிற்கச் சொல்வார். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே கிரந்த எழுத்தொன்று குந்திக்கொண்டிருக்கிறது. ஆகவே எண்வரிசையை நம்பித் தமிழ்ச் சொற்களை அகரமுதலாக அடுக்க இயலாது. அதற்கெனத் தனியே ஒரு வரிசைப் பட்டியலைப் பொறிக்குக் கற்பிக்கவேண்டும்.

இதனினும் ஆழமான பிழை ஒன்றுண்டு. தமிழ் இலக்கணப்படி மெய் முதலில் நிற்பது. உயிர் அதனோடு கூடியபோது உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியில் இது தலைகீழ். அங்கே அகரமேறிய ககரமே முதற்பொருள். அதன்மேல் ஒரு புள்ளியை வைத்தால் 'க்' வழிப்பொருளாக வருகிறது. தாயைப் பிள்ளையாகவும் பிள்ளையைத் தாயாகவும் எழுதி வைத்ததுபோல் இது. 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்றெழுத்து என்பது எவர்க்கும் தெரியும். ஒருங்குறிக் கணக்கில் அதற்கு ஐந்து இடம். தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. எழுத்தெண்ணி யாப்புப் பார்க்கும் நிரலை எழுதுவோர், எழுத்தைக் கூட்டிச் சேர்க்கும் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் அசை பிரிக்கத் தொடங்கவேண்டியிருக்கிறது. இத்தகைய பிழையைப் பின்னர்த் திருத்தலாமே என்பார்க்கு ஒரு சொல்: ஒருங்குறியில் ஒருமுறை ஏறிய எழுத்து இறங்காது, இடம் மாறாது. அது கழகத்தின் உறுதியான விதி. அவ்விதி இல்லாவிடின் பழைய கோப்புகள் யாவும் பாழாகும் ஆகலின், அவ்விதியைக் குற்றஞ்சொல்லவும் வழியில்லை. தொடக்கத்தில் அமர்ந்தவன் அமர்ந்ததே நாற்காலி.

அத்தொடக்க ஆண்டுகளில் தமிழர் என்செய்து கொண்டிருந்தனர்? உறங்கவில்லை, ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திண்ணையில் விழித்திருந்தனர். எழுத்துரு விற்போர் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவையும் வாங்கவேண்டும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியால் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. அதன்பின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்மடலிலேயே வழக்காடித் திசுக்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். சுவிட்சர்லாந்தில் வேதியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் அதில் பெரும்பங்கு கொண்டனர். எவர்க்கும் நல்கை இல்லை, சம்பளம் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் அக்குறியேற்றத்திலேயே உலகெங்கும் சென்றன. நல்கை இல்லாமலும் நற்பணி நடக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்றே. ஆனால் அது எவ்வளவு தொலைவு செல்லும்? அப்பணி செய்தோர் பகலில் வேறு தொழில் பார்த்தனர். அவர்கள் களைத்த அன்று பணியும் களைத்தது.

தமிழக அரசு பொருள் கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி, தமிழ்99 விசைப்பலகையையும் இரண்டு குறியேற்றங்களையும் அரசு ஏற்றது. விசைப்பலகை நிலைத்தது, இன்றும் தமிழ் முறைப்படி தட்டச்சிடுவோர் அதனையே நாடுகின்றனர். குறியேற்றங்கள் நிலைக்கவில்லை. பின்னர் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். ஒருங்குறியின் பிழையை நீக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் என்னும் பதினாறு நுண்மிக் குறியேற்றத்தை வல்லுநர் வகுத்தனர். 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய நேரத்தில், ஒருங்குறியையும் அதனையும் செந்தரமாக ஏற்று அரசாணை வந்தது. இலக்கணத்துக்குப் பொருந்திய அமைப்பு அது, ஐயமில்லை. ஆயினும் ஒருங்குறியின் முதன்மைப் பகுதியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எவரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என விடப்பட்ட தனிப்பயன் பகுதியிலேயே அது குடியிருக்கிறது. புறம்போக்கில் கட்டிய வீடு எவ்வளவு அழகாயிருந்தாலும் அதற்குப் பட்டா இல்லை அன்றோ? தக்க காலம் 1988. அரசாணை வந்தது 2010. நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள். காலங்கடந்து கொடுத்த கோடி, காலத்தில் கொடுத்த காணிக்கு ஈடாகாது.

அதே 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது இன்னும் பெரிய பாடம். கிரந்த எழுத்தை ஒருங்குறியில் ஏற்றும் நடுவணரசின் முன்மொழிவில், தமிழுக்கே உரிய எகர ஒகரக் குறில்களும் ழகர, றகர, னகரங்களும் கிரந்தத்தின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தன. தனியொருவரின் வேறொரு முன்மொழிவு, கிரந்த எழுத்துகள் இருபத்தாறைத் தமிழோடு ஒட்ட முயன்றது. செய்தி வெளிவந்ததும் தமிழறிஞர் கொதித்தெழுந்தனர். முதலமைச்சர் கலைஞர் நடுவணமைச்சர்க்கு மடல் எழுதினார். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014இல் கிரந்தம் தனித்தொகுதியாக ஏறியபோது அத்தமிழெழுத்துகள் அதில் இல்லை; அவற்றுக்குரிய கட்டங்கள் அங்கே வெற்றிடமாகவே கிடக்கின்றன. வெற்றிதான். ஆனால் கடைசி நேரத்தில் கதவைத் தட்டிப் பெற்ற வெற்றி. அம்முன்மொழிவுகள் திங்கள் கணக்கில் எவரும் பார்க்கத்தக்க ஆவணங்களாகவே இருந்தன. அவற்றை நாள்தோறும் படிப்பதைத் தம் முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் தமிழகத்தில் இல்லை. 2005இல் கிரந்தச் சகரம் ஒன்று தமிழ்த் தொகுதிக்குள்ளேயே ஓசையின்றி நுழைந்தபோதும் அப்படித்தான். அன்று எவரும் மடல் எழுதவில்லை; அது இனி இறங்கவும் போவதில்லை.

இங்கே நல்கையைப் பற்றிய மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஒன்றுக்கென்றே ஒதுக்கிய பொருளுக்கும் தன் கேடுகள் உண்டு. மூன்றாண்டு நல்கையென்றால் மூன்றாம் ஆண்டின் முடிவில் கணக்குக் காட்டவேண்டும். எத்தனை எழுத்தை ஏற்றினீர் என்று கேட்பார்கள். எண்ணிக்கைக்கு அஞ்சி, முதிராத முன்மொழிவைத் தள்ளிவிடும் ஆசை வரும். ஏறியது இறங்காத இடத்தில் இவ்விரைவு பெருந்தீங்கு. கொடுப்பவர் விரும்புவது பழம்பொருளாயின், செத்த எழுத்துகள் சீரோடு ஏறும். வாழும் மக்களின் எழுத்துச் சிக்கல் காத்திருக்கும். கொடுப்பவர் ஒருவராக இருந்தால் அவர் கை மூடியதும் எல்லாம் மூடும். அமெரிக்க மாந்தவியல் நல்கையகம் 2025 ஏப்பிரலில், ஆட்சி மாற்றத்தின் விளைவாக, தான் முன்பே வழங்கிய நல்கைகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஒரே வீச்சில் நிறுத்தியது. அயலார் அறத்தை நம்பித் தம் எழுத்தை ஒப்படைத்து வைப்பது எத்தகைய பேதைமை என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுமோ?

ஆகவே வேண்டுவது தமிழர் பொருள். அதுவும் ஆட்சி மாறினும் மாறாத வைப்புப் பொருள். தமிழர்க்கு இது தெரியாத கலையன்று. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழிருக்கைக்கென 60 இலக்கம் தாலர் உலகத் தமிழரால் 2018இல் நிறைவுசெய்யப்பட்டது; தமிழக அரசு மட்டும் 10 கோடி உரூபா கொடுத்தது. சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவார்க்கு 10 இலக்கம் தாலர் பரிசு என முதலமைச்சர் 2025 சனவரியில் அறிவித்தார். படிக்கவியலாத எழுத்துக்குப் பரிசு உண்டு, நன்றே. படிக்கத்தெரிந்த எழுத்துக்குப் படி அளப்பார்தாம் இல்லை.

ஒன்றுக்கென ஒதுக்கிய பொருள் என்ன செய்யும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் வேண்டுவதில்லை. 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கெனத் தனி இயக்ககம் கண்டு, மொழிஞாயிறு பாவாணரை அதன் இயக்குநராக அமர்த்தியது. அகவை எழுபதைக் கடந்த அவர்க்கு அன்று கிடைத்தது உரிய இடமும் உதவியாளரும் திங்கள்தோறும் தவறாத சம்பளமுமே. 1981 சனவரியில் அவர் மறைந்தார். முதற்பகுதியை அவர் காணவில்லை. ஆனால் இயக்ககம் இருந்தது. ஆகலின் பணியும் இருந்தது. 1985இல் முதற்பகுதி வெளிவந்து, பிறகு முப்பத்தொரு பகுதிகளாக அது நிறைவுற்றது. பாவாணர் ஒரு மாநாட்டுக் குழுவின் உறுப்பினராக மட்டும் அமர்த்தப்பட்டிருந்தால் அவர் மறைவோடு அகரமுதலியும் மறைந்திருக்கும். எழுத்துக் குறியேற்றத்துக்கு இத்தகைய இயக்ககம் ஏன் எழவில்லை? சொல்லைப் போன்றே எழுத்தும் மொழியின் உடைமை என்பதை ஆட்சியாளர் உணராமையே கரணியம். குறியேற்றம் என்றவுடன் அது பொறியாளர் வேலை என்று கோப்பை வேறு துறைக்குத் தள்ளிவிடுகின்றனர்.

அரசு ஒன்றையே நோக்கிக் கைநீட்டவும் வேண்டுவதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே தொடர்வண்டியில் சென்றால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என நிலையங்கள் அடுத்தடுத்து வரும். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைக் கண்டு, பல்லவபுரத்தில் வாழ்ந்து மறைந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் ஒருபுறம். ஆயிரக்கணக்கான இளைஞர் கணினியியல் கற்கும் எசு. ஆர். எம். பல்கலைக்கழகம் மறுபுறம். அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப்பேராயம் நூலாசிரியர்க்குப் பல ஆண்டுகளாகப் பரிசளித்து வருகிறது, நற்செயல். தமிழ் கற்ற பேராசிரியரும் நிரல் எழுதும் மாணவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் வாய்ப்பு, பாவாணர்க்கும் அடிகளார்க்கும் கனவிலும் கிட்டாதது. காட்டாங்குளத்தூரில் ஒரு சிற்றறை, கல்வெட்டறிந்த ஒருவர், எழுத்துரு செய்யத்தெரிந்த ஒருவர், இருவர்க்கும் ஐந்தாண்டுச் சம்பளம், கல்லிருக்கும் ஊர்களுக்குச் சென்றுவர வழிச்செலவு: இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். ஒரு பட்டமளிப்பு விழாவின் பந்தற் செலவில் இஃது அடங்கும். அடிகளாரின் பெயரால் அந்நல்கை அமையுமாயின் அவர்க்குச் சிலை வைப்பதினும் அது சிறக்கும்.

அவ்விருவர் முதலில் எடுத்துச் செய்யவேண்டியது எது என்பதிலும் ஐயமில்லை. வட்டெழுத்து இன்னும் ஒருங்குறியில் இல்லை. 2025ஆம் ஆண்டு வெளியீட்டிலும் அதனைக் காணோம். செங்கம் பகுதியில் ஆநிரை மீட்டு மாண்ட மறவர்க்கு எடுத்த நடுகற்களில் உள்ளது வட்டெழுத்து. பாண்டிநாட்டுக் கோயிற்சுவர்களில் உள்ளது வட்டெழுத்து. சோழர் பாண்டிநாட்டைக் கைக்கொண்ட பிறகு அங்கு மெல்ல மெல்ல வழக்கொழிந்து, சேரநாட்டில் மட்டும் பன்னூறாண்டு நீடித்தது. தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துக்குரிய தனிக்குறிகள் கூட, பிராமி என்னும் தொகுதிக்குள் ஒட்டுக்குடியாகவேனும் 2021இல் ஏறிவிட்டன. வட்டெழுத்துக்கு அந்த ஒண்டுகுடித்தனமும் இல்லை.

வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்க. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அளித்தது அது. முன்னோன் ஒருவன் கொடுத்த ஊர்க்கொடை களப்பிரர் காலத்தில் பறிபோனதென ஒருவன் வழியில் நின்று முறையிட, சான்று காட்டச் சொல்லி, காட்டக்கண்டு, மன்னன் அக்கொடையைப் புதுப்பித்தான் என்பது அதன் செய்தி. அதுவே ஒரு நல்கையின் வரலாறு. அச்செப்பேட்டின் ஒரு பகுதி சமற்கிருதம். கிரந்த எழுத்தில் வெட்டியது. மறுபகுதி தமிழ், வட்டெழுத்தில் வெட்டியது. சமற்கிருதப் பகுதியை, அது வெட்டப்பட்ட எழுத்துமுறையிலேயே கணினியில் ஏற்ற 2014 முதல் வழியுண்டு. தமிழ்ப் பகுதியை அவ்வாறு ஏற்ற இன்றும் வழியில்லை. ஒரே அரசனின் ஒரே செப்பேடு. ஒரே கொல்லனின் ஒரே உளி.

முன்மொழிவுக்கு வேண்டிய சான்றுகள் தமிழகத் தொல்லியல்துறையின் வெளியீடுகளிலும், கோயிற்சுவர்களிலும், வெயிலிலும் மழையிலும் நிற்கும் நடுகற்களிலும் கிடக்கின்றன. வட்டெழுத்தைத் தடையின்றிப் படிக்கும் கல்வெட்டறிஞர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவருட் பலர் பணிநிறைவு பெற்று வீட்டில் இருக்கின்றனர்.